கிரவல் ஓடுபாதையும் முனை தாண்டிப் போன சின்னப் பிளேனும்: இறங்கும்போது எங்கே பிழைக்கிறது?

#1 முதிரையடி

ஒரு கேள்விக்காகத்தான் இந்த இழை. ஒதுக்குப்புறத்து ஓடுபாதையில் சின்னப் பிளேன் ஒன்று முனை தாண்டிப் போய்விட்டது என்று எந்த நாட்டிலிருந்து செய்தி வந்தாலும், அடுத்த வரியில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அது சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வன்னி நிலத்தில் ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். வவுனியாவும் இரணைமடுவும் விமானப்படையின் தளங்கள்; இது அவை இரண்டும் இல்லை, கணக்குக்காக மட்டும் போட்ட ஓடுபாதை. 800 மீற்றர் நீளம், கிரவல் கொட்டி உருட்டியது, கடல்மட்டத்திலிருந்து 90 மீற்றர் உயரம். வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்கு முனையிலிருந்து 60 மீற்றரில் பனங்கூடல், மரம் 25 மீற்றர் உயரம். தென்மேற்கு முனைக்கு வெளியே குளக்கட்டும் குளமும். சித்திரை கடைசி, மத்தியானம், 35 பாகை வெயில். சோளகக் காற்று இன்னும் பலக்கவில்லை, தென்மேற்கிலிருந்து 4 நொட் (மணிக்கு ஏழு கிலோமீற்றரளவு) காற்று. பிளேன் செஸ்னா 172எஸ், நாலு பேரோடு முழுப் பாரம், 1,157 கிலோ.

பனையைத் தவிர்க்க நினைத்த விமானி குளத்துப் பக்கமாக வந்து வடகிழக்கு நோக்கி இறங்குகிறார். நிலம் தொட்டு இரண்டு தரம் துள்ளி, முனை தாண்டி, கட்டாக்காலி மாடு வராமல் போட்ட முள்ளுக்கம்பி வேலிக்குள் போய், மூக்குச் சில்லு மடங்கி நிற்கிறது. எங்கே பிழைத்தது?

#2 மாங்குளச்சந்தி

பிரேக்கை விடுங்கோ அண்ணை. பிழை குளத்துக்கு மேலயே தொடங்கீட்டுது. நாலு நொட் காத்து எண்டா ஆருக்கும் ஒண்டாத் தெரியாது. காத்துத் திசை காட்டக் கம்பத்தில கட்டி, 15 நொட்டுக்கு நிமிர்ந்து நிக்கிற மாதிரித் தைச்ச காற்றுப்பை நாலு நொட்டில தொங்கிக்கொண்டுதான் கிடக்கும். மேல இருந்து பாக்கிறவர் "காத்து இல்லை" எண்டு நினைச்சு, மரம் இல்லாத பக்கத்தைத் தெரிஞ்செடுப்பார். ஆனா அந்த நாலு நொட் முதுகில வருது.

கணக்கைப் பாருங்கோ. 172எஸ் கைநூலில, கடல்மட்டம், 15 பாகை, காத்தில்லாமல், தார்ப் பாதையில 50 அடி உயரத்திலயிருந்து நிக்கும்வரைக்கும் 1,335 அடி, அதாவது 407 மீற்றர். அதில நிலத்தில ஓடுறது 575 அடி, 175 மீற்றர். இது புதுப் பிளேன், நல்ல ரயர், சோதனை விமானி ஓட்டி எடுத்த எண்.

35 பாகை எண்டா நியமத்துக்கு 20 பாகை கூட. பத்துப் பாகைக்கு 5 வீதம் சேர்க்க, 448 மீற்றர். கிரவலுக்குக் கைநூலில தனி எண் இல்லை. காய்ஞ்ச புல்லுக்குச் சொல்லியிருக்கிற எண்ணைத்தான் நான் எடுப்பன்: நில ஓட்டத்தின்ர 45 வீதத்தைக் கூட்டு. வெயிலோட நில ஓட்டம் 192, அதில 45 வீதம் 87. ஆக 535. இப்ப முதுகுக் காத்து. இரண்டு நொட்டுக்குப் பத்து வீதம் எண்டு அதே கைநூல் சொல்லுது. நாலு நொட்டுக்கு 20 வீதம். 640 மீற்றர் தாண்டுது. இதுக்கு மேல பாதுகாப்புப் பெருக்கம் 1.43 போடச் சொல்லி பிரித்தானிய விமானப் போக்குவரத்து அதிகாரசபை தனியார் விமானிகளுக்குப் பரிந்துரைக்குது. வாறது 917.

அந்த நாலு நொட்டை எடுத்துவிட்டா 535ஐ 1.43ஆல பெருக்க 765 தான். 800க்குள்ள நிக்குது. தொங்கிக்கொண்டு கிடந்த காற்றுப்பைதான் 150 மீற்றரைத் திண்டது.

#3 பாலைப்பழம்

ஒரு சந்தேகம். வெயிலில் காற்று அடர்த்தி குறைவு, இறக்கைக்குத் தூக்குதல் போதாது. அப்படியென்றால் ஃபைனலில், ஓடுபாதைக்கு நேரே வரும் கடைசி அணுகலில், பத்து நொட் கூட வைத்துக்கொண்டு வருவதுதானே பாதுகாப்பு? வெப்பமான இடங்களில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

#4 மாங்குளச்சந்தி

தம்பி, இதுதான் ஆளைக் கவிழ்க்கிற யோசனை. வேகமானி காட்டுறது உண்மை வேகத்தை இல்லை, காற்று வந்து முட்டுற அழுத்தத்தை. அடர்த்தி குறைஞ்சா ஊசியும் குறைச்சுத்தான் காட்டும். இறக்கைக்கும் அதே அழுத்தம்தான் கணக்கு. அதால கைநூல் சொல்லுற இறங்கு வேகம் ஊசியில 61 நொட் எண்டா, குளிரிலயும் 61, வெயிலிலயும் 61. வெயிலுக்கு எண்டு ஒரு நொட்டும் கூட்டத் தேவையில்லை. வீசி வீசி அடிக்கிற காத்துக்கு மட்டும் வீச்சின்ர பாதியைக் கூட்டலாம். 10இலயிருந்து 18க்கு எகிறினா வீச்சு 8, கூட்டுறது 4.

வெயில் என்ன செய்யுமெண்டா, ஊசியில அதே 61 இருக்க, நிலத்துக்கு மேல போற உண்மை வேகத்தைக் கூட்டும். 90 மீற்றர் உயரத்தில 35 பாகை எண்டா பிளேனுக்கு அது 2,800 அடி மலை மாதிரி. உண்மை வேகம் நாலு வீதம் கூடும். 61 காட்டேக்க உண்மையில 63.5. அதில பத்தையும் போட்டு, முதுகில நாலையும் போட்டா நிலத்துக்கு மேல 78 நொட். அதே ஆள் 61இல, காத்தை முகத்தில வாங்கி வந்திருந்தா 59.5. நிப்பாட்ட வேண்டிய சக்தி வேகத்தின்ர வர்க்கம். 78ஐயும் 59.5ஐயும் வர்க்கிச்சுப் பாருங்கோ, 70 வீதம் கூட. பிரேக் அதே பிரேக்.

கூட வந்த வேகம் நிலத்தில மட்டும் இல்லை, காத்திலயும் பாதையைத் திண்ணும். யோக்கை (விமானியின்ர கைச்சுக்கானை) இழுத்துச் சமப்படுத்தினவுடன பிளேன் நிலத்தில இருக்க மாட்டுது, மிதக்கும். 65 நொட்டில ஒரு செக்கனுக்கு 33 மீற்றர். நாலு செக்கன் மிதந்தா 130 மீற்றர் பின்னால போயிற்று.

#5 சோளகம்

குளத்துப் பக்கத்து அணுகலைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். மத்தியான வெயிலில் கிரவலும் வெட்டையும் கொதித்து, மேலே காற்றை எழுப்பும். குளத்து நீரும் தண்ணீர் கட்டிய வயலும் அப்படிச் சூடேறுவதில்லை; அவற்றின் மேல் காற்று கீழிறங்கும். குளத்தின் மேலாக ஃபைனல் வருபவர் முதலில் தாழ்வார். தாழ்ந்ததைக் கண்டு திரொட்டிலை (எஞ்சின் விசையை) கூட்டுவார். குளக்கட்டைத் தாண்டியதும் வெட்டைக் காற்று தூக்கும். கூட்டிய திரொட்டிலும் அதுவும் சேர, ஓடுபாதைத் தொடக்கத்தில் உயரமும் வேகமும் மிஞ்சி நிற்கும். திரொட்டிலைக் கூட்டாமல் இருந்தவர் கட்டிலேயே சில்லை முட்டுவார். அது இன்னும் மோசம். கட்டின் மேல்விளிம்பு ஓடுபாதை மட்டத்துக்கு மேலே இருந்தால் அதுவும் ஒரு தடைதான், குளத்துப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஓடுபாதையின் தொடக்கத்தையே மறைக்கும்.

வன்னி தட்டையான நிலம். வயலும் பற்றையும் ஒரே நிறமாகக் கிடக்க, உயரத்தைக் கண்ணால் மட்டிடுவது கடினம். அகலம் குறைந்த ஓடுபாதை கண்ணுக்குத் தூரமாகத் தெரியும்; நாம் உயரத்தில் நிற்கிறோம் என்று மூளை சொல்லும்; விமானி தாழ்ந்து வருவார். 30 மீற்றர் அகலத் தார்ப் பாதையில் பழகியவர் 18 மீற்றர் கிரவலுக்கு முதல் தரம் வரும்போது இது கட்டாயம் நடக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக இருப்பது நல்ல தெரிவு. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம், மாரியில் வாடை. இரண்டுமே ஏறத்தாழ நீளவாட்டில் விழும். தொல்லை தருவது இடைப்பட்ட காலம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமுகில் ஒன்று பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் மழை கொட்டினால், அதிலிருந்து விழுந்து பரவும் குளிர்காற்று இங்கே முகில் வருமுன்னமே வந்து, காற்றை நேரெதிராகத் திருப்பிவிடும். தூரத்தில் புழுதி எழும்புவது கண்டால் இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள். காலை ஏழுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் செய்யக்கூடிய பயணத்தை மத்தியானத்தில் செய்யவே கூடாது என்பது என் முடிவு.

#6 பாலைப்பழம்

வேக விசயம் விளங்கிவிட்டது, நன்றி. அப்படியென்றால் பனைப் பக்கமாக வந்திருக்க வேண்டுமா? 25 மீற்றர் மரத்துக்கு மேலாலா?

#7 மாங்குளச்சந்தி

ஓம், ஆனா எந்தச் சரிவில எண்டதுதான் கேள்வி. மூண்டு பாகைச் சரிவில பனை உச்சியை உரசிக்கொண்டு வந்தா, நிலம் தொடுற இடம் மரத்திலயிருந்து 477 மீற்றர். மரம் முனைக்கு 60 மீற்றர் வெளியில, அப்ப பாதைக்குள்ள 417. மிதப்புக்கு 100 விடுங்கோ. மிச்சம் 283. முகத்தில நாலு நொட் காத்தோட கிரவலில ஓட வேண்டினது 267 அளவில. இது இறக்கம் இல்லை, சூது.

அதே மரத்தை ஐந்து பாகையில தாண்டினா தொடுபுள்ளி மரத்திலயிருந்து 286, பாதைக்குள்ள 226. மிதப்பு 100 போக 474 மிச்சம். தேவை 267. இது இறங்கக்கூடிய பாதை. 172 முழு பிளாப் (இறக்கையின்ர பின்பக்க மடிப்பு), 30 பாகை போட்டு, திரொட்டிலை மூடி 61இல வந்தா இந்தச் சரிவைத் தாராளமாப் பிடிக்கும். மரத்துக்குப் பயந்து காத்தை முதுகில வாங்கினதைவிட, மரத்துக்கு மேலால சரிவாக வாறது மேல்.

ஆனா உச்சியில இருந்து பத்து மீற்றராவது விட்டு வரவேணும். அந்தப் பத்து மீற்றரும் பாதையில 115 மீற்றரைத் தின்னும். 474 அப்ப 359 ஆயிடும். அதால நாலு பேரோட மத்தியானம் எண்டா நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். இரண்டு பேர், காலமை, ஐந்து பாகை எண்டா ஓம்.

#8 குளக்கட்டு

ஓடுபாதை போடுகிறவர்கள் பக்கத்திலிருந்து. இந்தப் பனங்கூடல் இப்படி நிற்க விட்டதே வடிவமைப்புப் பிழை. சர்வதேச சிவில் விமான அமைப்பின் 14ஆம் இணைப்பில் மிகச் சிறிய, கருவியில்லா ஓடுபாதைக்கு அணுகல் தளம், அதாவது மரமோ கட்டடமோ மேலே நீட்டக் கூடாத கற்பனைத் தளம், 5 வீதச் சரிவு, அதாவது இருபதுக்கு ஒன்று. அது முனையிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால் தொடங்கும். 25 மீற்றர் மரம் 530 மீற்றருக்கு அப்பால்தான் நிற்கலாம். 60 மீற்றரில் அனுமதிக்கக்கூடிய உயரம் ஒன்றரை மீற்றர். ஒரு எருக்கலைப் பற்றை. தொடக்கக் கோட்டை உள்ளே நகர்த்திச் சரிப்படுத்தப் போனால் 470 மீற்றர் நகர்த்த வேண்டும், மிச்சம் 330. அந்தப் பக்கத்து இறக்கமே இல்லாமல் போகும். பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அதனால் ஓடுபாதை போடுமுன் முதல் அளக்க வேண்டியது நிலத்தை இல்லை, இரண்டு முனையிலும் நிற்கும் மரத்தை. அச்சை ஏழெட்டுப் பாகை திருப்பினாலே கூடல் விலகிவிடும் என்றால் திருப்புங்கள். ஏழெட்டுப் பாகையால் வரும் பக்கக்காற்று காற்று வேகத்தின் ஏழிலொன்றுக்கு மேல் போகாது.

அடுத்தது வேலி. முனை தாண்டி 30 மீற்றராவது வெறுமையாக, ஓடுபாதை மட்டத்திலேயே இருக்க வேண்டும். இங்கே முனையோடு ஒட்டிக் கொங்கிறீற்றுத் தூணும் ஐந்து வரி முள்ளுக்கம்பியும் போடுவார்கள். மாட்டைத் தடுக்கப் போட்டது ஆளைக் கொல்லும். கம்பி புரொப்பெல்லரில் சுற்றும், கண்ணாடியை அறுத்துக்கொண்டு உள்ளே வரும். உயரச் சிறகுப் பிளேனில் மேல் வரிக் கம்பி இறக்கைத் தாங்கியில் மாட்டி, ஒரு பக்கமாக இழுத்துச் சுழற்றும். முனைப் பக்கத்துக்குக் கிளுவைக் கதியால் வேலி போதும், அதுவும் தள்ளி. கதியால் முறியும், கொங்கிறீற்று முறியாது.

கிரவலைப் பற்றி. கொட்டி உருட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் ஒன்றரை முதல் இரண்டு வீதம் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் முதல் மாரியிலேயே நடுவில் நீர் தேங்கிக் குழியாகும். நீரோட நெடுகிலும் வாய்க்கால் வேண்டும், ஆனால் ஓரத்தை ஒட்டி வெட்டினால் வழுகும் சில்லு அதற்குள் விழும். மாரி முடிந்தவுடன் ஒருமுறை கிறேடர் போட்டு நனைத்து உருட்டுங்கள். வெயிலில் மேற்பூச்சு உதிர்ந்து தளர்ந்த கல் மேலே வரும். பிரேக் போட்டால் சில்லு உருளாமல் அந்தக் கல்லின் மேல் வழுக்கும். மன்னார் வீதியில் முருங்கன் பக்கத்துக் களிமண் நிலமென்றால் கதை வேறு. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சில்லை விழுங்கும். அங்கே கீழே கலவை மண் போட்டு உயர்த்தாமல் ஓடுபாதை என்ற பேச்சே வேண்டாம்.

இறங்குமுன் சோதிக்க எளிய வழி: ஒரு பிக்கப்பை நீளம் முழுக்க 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுங்கள். ஸ்டியரிங் கையை உதறினால் மூக்குச் சில்லும் உதறும். கறையான் புற்று ஒரு மாரிக்குள் முழங்கால் உயரம் எழும், புல்லுக்குள் தெரியாது. கால்நடையாகவும் ஒருதரம் நடந்து பாருங்கள்.

#9 சோளகம்

காற்றுப்பையின் இடத்தையும் சொல்லுங்கள் குளக்கட்டு ஐயா. கூடலுக்குப் பின்னால் நட்டுவிட்டு "காற்றில்லை" என்கிறார்கள். மர உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் தள்ளி நட வேண்டும். 25 மீற்றர் பனைக்கு 250.

#10 குளக்கட்டு

சரிதான். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று நட்டால் இன்னும் நல்லது. ஒன்று வடக்கையும் மற்றது தெற்கையும் காட்டினால் இறங்காமல் போய்விட வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

#11 கூலிப்படகு

மாடு ஓடுபாதைக்குள் வந்து நிற்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கட்டாக்காலி மாடு, நாய், மயில், பொழுதுபட யானை. வன்னியில் இதுதான் முதல் ஆபத்து என்பது என் எண்ணம்.

#12 மாங்குளச்சந்தி

உண்மை. அதுக்குத்தான் முதல் இறங்காமல் ஒருக்கா மேலால போறது. 500 அடியில ஒரு தரம், பிறகு பாதைக்கு வலது ஓரமாக 100 அடிக்குக் கீழ ஒரு தரம், திரொட்டில் போட்டபடி, வேகம் குறைக்காமல். மாடு விலகும், ஆனா சுத்தி வாறதுக்குள்ள திரும்பி வந்திடும்; மூண்டு நாலு நிமிசம் அதுக்குக் காணும். கீழ சைக்கிளோட ஒரு ஆள், கையில சிவப்புத் துணி, வானொலி இல்லாட்டி கைபேசி, இது இல்லாமல் இறங்கக் கூடாது. மயில் கடைசி வினாடி வரைக்கும் ஓடும், பிறகுதான் பறக்கும், நேரா முன்கண்ணாடிக்கு. அதைக் கண்டு யோக்கைச் சடாரெண்டு இழுக்காதேங்கோ. இறங்கு வேகத்தில சடாரெண்டு இழுத்தா ஸ்டோல், இறக்கை தூக்குறதை விட்டிடும். மயில் மோதி உயிர் தப்பலாம், 40 அடியில ஸ்டோல் ஆனாத் தப்பேலாது.

#13 முதிரையடி

இரண்டு தரம் துள்ளியதற்கு வருவோம். மூக்குச் சில்லு வேலியில்தான் முறிந்ததா, துள்ளலிலேயே முறிந்திருக்குமா?

#14 இறக்கைத்தச்சன்

பெரும்பாலும் துள்ளலில் தொடங்கி, வேலியில் முடியும்.

172இல் மூக்குக் கால் எஞ்சின் அறைச் சுவரில், பயர்வோலில் பூட்டியிருக்கிறது. பிரதான இரண்டு கால்களும் வளையும் எஃகு. பாரத்தை வாங்கி விரியும். மூக்குக் காலில் எண்ணெயும் காற்றும் நிரப்பிய குழாய்தான். அது எஞ்சினைத் தாங்கி நடக்கச் செய்தது, இறங்கும் அடியை வாங்கச் செய்ததல்ல. வேகம் மிஞ்சி வருபவர் மிதப்புத் தாங்க முடியாமல் யோக்கை முன்னே தள்ளி நிலத்தில் வைக்கப் பார்ப்பார். மூக்குச் சில்லு முதலில் முட்டும். முட்டியதும் மூக்கு எகிறும், அவர் தள்ளுவார், அதற்குள் பிளேன் தானே விழ, இரண்டாம் அடி முதலடியைவிடப் பலமாக இருக்கும். மூன்றாவதில் கால் போகும் என்பது பட்டறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நிலத்தில் முட்டும் அடிக்கும், கை செய்யும் திருத்தத்துக்கும் இடையில் அரை வினாடிப் பிந்தல் இருக்கிறது. அதனால் துள்ளலைத் துரத்தித் திருத்த முடியாது. சிறு துள்ளலென்றால் மூக்கை அதே நிலையில் பிடித்து, கொஞ்சம் திரொட்டில் கொடுத்து, மறுபடி இறங்க விடுங்கள். பெரிய துள்ளலென்றால் முழுத் திரொட்டில், எழுந்து போய்விடுங்கள்.

இறங்கிய பிறகு "ஒன்றும் இல்லை, ரயர் மட்டும்தான்" என்று அடுத்த நாள் பறக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து பறக்க வேண்டாம். எஞ்சின் மூடியைக் கழற்றிப் பயர்வோலின் அடிப்பக்கத்தை வெளிச்சம் சாய்த்துப் பாருங்கள். தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கும். ஆணித் தலைகளைச் சுற்றிக் கரும்பொடி கசிந்தால் ஆணி தளர்ந்துவிட்டது. எஞ்சின் மவுண்ட் குழாய்களின் ஒட்டுகளில் வண்ணம் வெடித்திருந்தால் உள்ளே இரும்பும் வெடித்திருக்கும். பின்பக்கம் கட்டுவளையம் உரசியிருக்கிறதா பாருங்கள். பிரதான கால்கள் உடம்புக்குள் புகும் இடத்துத் தடுப்புச் சட்டத்தைக் கம்பளத்தை எடுத்து விட்டுப் பாருங்கள். அங்கே விரிசல் வெளியில் தெரியாது.

புரொப்பெல்லர் நிலத்தில் தொட்டிருந்தால், நுனி அரை அங்குலம் வளைந்தாலும், புதிய புரொப்பெல்லரை மாட்டிப் பறக்க வழியில்லை. திரொட்டில் மூடியிருந்ததால் பாதகமில்லை என்று சொல்வது தவறு. திடீரென்று நின்ற சுழற்சியின் அடி கிராங் ஷாப்டின் பின்முனைப் பற்சில்லின் ஆணிக்கும் குச்சிக்கும் போகும். அது அறுந்தால் எண்ணெய்ப் பம்பும், தீப்பொறி கொடுக்கும் மக்னெற்றோவும் ஒரே நேரத்தில் நிற்கும். முன்பக்கத்தில் டயல் கேஜ் வைத்து அச்சின் கோணல் பார்த்தால் அது காட்டாது. எஞ்சினைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

கிரவல் பாதை என்றே தெரிந்தால் முன்கூட்டிச் செய்ய வேண்டியவையும் உண்டு. சில்லு மூடிகளைக் கழற்றி விடுங்கள். ஈரக் கிரவல் அதற்குள் அடைந்து காய்ந்தால் சில்லு பூட்டிவிடும். 172எஸ் பிரதான ரயர் 42 பிஎஸ்ஐ, மூக்கு 45. சில்லு ஆடும் உதறலைத் தடுக்கும் டாம்பர் எண்ணெய் கசிந்து வெறுமையானால் கிரவலில் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கிச் சோதிக்காதீர்கள், புரொப்பெல்லர் கல்லை உறிஞ்சி நுனியைக் கொத்தும். கொத்தின இடத்தை அரத்தால் மழுக்கி விடாவிட்டால் அதிலிருந்து வெடிப்பு ஓடும்.

#15 பாலைப்பழம்

மழைக்காலத் தார்ப் பாதையில் வழுக்குவது?

#16 இறக்கைத்தச்சன்

ரயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்குங்கள், நீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டில் வரும். 42 பிஎஸ்ஐக்கு 58. பழைய 172என் மாதிரிக்கு 29 பிஎஸ்ஐ, 48 தான் வரும். இரண்டுமே இறங்கும் வேக வட்டாரத்துக்குள். தேங்கிய நீரில் பிரேக்கைத் தொட வேண்டாம், யோக்கைப் பின்னே இழுத்துப் பிடித்துக் காற்றால் வேகம் குறைய விடுங்கள்.

#17 மாங்குளச்சந்தி

எழும்பிப் போறதைப் பற்றி இரண்டு வரி. முழுத் திரொட்டில், உடன பிளாப்பை 30இலயிருந்து 20க்கு, 60 நொட் பிடி, ஏறத் தொடங்கினாப் பிறகு 10, தடை தாண்டினாப் பிறகு பூச்சியம். ஒரேயடியாப் பூச்சியத்துக்குத் தூக்கினா அந்த இடத்திலயே அமரும். இந்த மாதிரிப் பாதையில குளத்துப் பக்கத்தால வாறவருக்கு முடிவெடுக்கிற புள்ளி ஒண்டு நிலத்தில குறிக்கப்பட்டிருக்க வேணும்: முனையிலயிருந்து மூண்டில் ஒரு பங்கு, 260 மீற்றரில இரண்டு பக்கமும் வெள்ளைச் சாயம் அடிச்ச ரயர். அந்த இடத்துக்குள்ள சில்லு நிலத்தில இல்லாட்டி எழும்பிப் போறது, யோசிக்கிறதில்லை. வடகிழக்கு நோக்கி வந்தா முன்னுக்குப் பனை நிக்குது. பிந்தி எழும்பினா அதில போய் விழுவீங்கள். அந்த நேரம் வேலிக்குள்ள 20 நொட்டில போறது மேல்.

#18 காயக்கட்டு

விபத்து நடந்த பிறகு கிட்ட நிற்பவர்களுக்கு. முதலில் ஓடி வருபவர் தோட்டக்காரராகவோ மாடு மேய்ப்பவராகவோ இருப்பார், தீயணைப்புப் படை இல்லை.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தால் கிட்டப் போங்கள். புரொப்பெல்லர் நின்றிருந்தாலும் அதன் சுற்றுவட்டத்துக்குள் போகாதீர்கள், கையால் அசைக்காதீர்கள். மக்னெற்றோ இணைப்பு விடுபட்டிருந்தால் சாவி நிறுத்தத்தில் இருந்தும் ஒருதரம் அடித்துச் சுழலும், கை போகும். பெற்றோல் இறக்கைக்குள் இருக்கிறது; நீலநிறத்தில் சொட்டும். பீடி, விளக்கு ஒன்றும் வேண்டாம். உள்ளே இருப்பவர் நினைவோடு இருந்தால் மிக்ஸ்சர் குமிழை (எரிபொருள் கலவையை நிறுத்துவது) பின்னே இழுத்து, பெற்றோல் வால்வை மூடி, சாவியையும் மாஸ்டர் சுவிச்சையும் நிறுத்தச் சொல்லுங்கள். கதவு இறுகியிருந்தால் கண்ணாடியை உடையுங்கள். இறங்குமுன் கதவுக் கொழுவியைத் திறந்து வைப்பது இதற்காகத்தான்.

சில புதிய ரகங்களில், சிரஸ் போன்றவற்றில், கூரைக்குப் பின்னால் பரசூட்டை எறியும் றொக்கெற் இருக்கிறது. முக்கோண எச்சரிக்கை ஒட்டி தெரிந்தால் அந்தப் பக்கம் வெட்டவோ ஏறவோ வேண்டாம்.

தீ இல்லையென்றால் ஆளை இழுத்தெடுக்காதீர்கள். குத்தி நின்ற பிளேனில் அடி நேராக முதுகெலும்புக்குப் போயிருக்கும். கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு 1990க்கு, அம்புலன்சுக்கு, அழையுங்கள். இடம் சொல்லும்போது ஊர்ப் பேர் மட்டும் போதாது. ஏ9 வீதியில் எந்தக் கிலோமீற்றர்க் கல், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியென்றால் எந்தச் சந்தியால் திரும்புவது, எந்தக் குளத்துக் கட்டு என்று சொல்லுங்கள்; ஒருவரைச் சந்தியில் நிறுத்தி விடுங்கள்.

வன்னிக்கு உரிய இன்னொன்று. பிளேன் ஓடுபாதையை விட்டு விலகிப் பற்றைக்குள் போயிருந்தால் குறுக்கால் ஓடாதீர்கள். மிதிவெடி அகற்றி முடியாத துண்டுகள் இன்னும் உண்டு, முகமாலை மட்டுமல்ல. சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் சில்லுத் தடத்தின் மேலாலேயே நடந்து போய், அதே தடத்தாலேயே திரும்பி வாருங்கள்.

#19 முதிரையடி

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. இறங்கிய வேகம் எவ்வளவு என்று விபத்துக்குப் பிறகு எப்படிச் சொல்வது? விமானி சொல்வதை மட்டும் வைத்து எழுதினால் மறுபடி "பிரேக்" என்றுதான் வரும்.

#20 இறக்கைத்தச்சன்

கிரவல் எழுதி வைத்திருக்கும். மூக்குக் கால் மடங்கியதும் புரொப்பெல்லர் நிலத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டே போகும். அந்த வெட்டுகளுக்கு இடைத்தூரம் அளந்தால் அந்த நொடியின் வேகம் வரும். இரண்டு இதழ்ப் புரொப்பெல்லர், எஞ்சின் 1,000 சுற்று என்றால் வினாடிக்கு 33 வெட்டு. இடைத்தூரம் 60 சென்ரிமீற்றர் என்றால் வினாடிக்கு 20 மீற்றர், 39 நொட், மணிக்கு 72 கிலோமீற்றர். முனைக்கு முப்பது மீற்றர் இருக்கையில் 72 என்றால் எந்தப் பிரேக்கும் போதாது.

#21 பாலைப்பழம்

எஞ்சின் 1,000 என்று எப்படித் தெரியும்? எழும்பிப் போகத் திரொட்டில் போட்டிருந்தால்?

#22 இறக்கைத்தச்சன்

அதே 60 சென்ரிமீற்றரில் 2,500 சுற்று என்று வைத்துப் பாருங்கள். வினாடிக்கு 83 வெட்டு, 50 மீற்றர், 97 நொட். மூன்று தரம் நிலத்தில் முட்டிய பிளேன் அந்த வேகத்தில் போயிருக்க முடியாது. ஆக திரொட்டில் மூடித்தான் இருந்தது, எழும்பிப் போக முயலவில்லை. புரொப்பெல்லர் இதழும் சொல்லும்: எஞ்சின் முறுக்கத்தில் வெட்டியது நுனியில் முன்பக்கம் சுருளும், ஓய்ந்து வெட்டியது பின்னால் மட்டும் மடங்கும்.

அளப்பவர்கள் முதல் தொடுபுள்ளி, ஒவ்வொரு துள்ளலுக்கும் இடைத்தூரம், பிரேக் இழுவைத் தடம் தொடங்குமிடம், முதல் வெட்டு, கடைசி வெட்டு எல்லாவற்றையும் முனையிலிருந்து நாடா பிடித்து எழுத வேண்டும். ஆளை மீட்க அசைத்ததைத் தவிர பிளேனை நகர்த்தக் கூடாது. பொலிசும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் வரும்வரை அப்படியே இருக்கட்டும். ஆனால் வானம் கறுத்தால் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு வெட்டின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, அருகில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து, தடத்தின் மேல் தறப்பாள் விரித்துக் கல் வையுங்கள். சித்திரை மழை அரை மணித்தியாலம் பெய்தாலும் கிரவலில் ஒன்றும் மிஞ்சாது.